பூங்காவில் மெட்டல் டிடெக்டர்: பாலக்காட்டுப் பக்கம் செய்யக்கூடாத தவறுகள்

மெட்டல் டிடெக்டர் இப்போது ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் ஒருவர் அதை வாங்கினால் அடுத்து வருகிற யோசனை, ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டுக் கோட்டைப் பக்கமோ மலம்புழாவுக்கோ போய் ஒரு சுற்று பார்த்து வரலாம் என்பதுதான். கொஞ்சம் விவரமானவர்கள், "அதுக்கு பெர்மிட் ஏதாவது வாங்கணுமா?" என்று கேட்பார்கள். கேள்வி நல்லதுதான், ஆனால் போதாது. கருவியோடு உள்ளே போவதற்கு அனுமதி, மண்ணைத் தோண்டுவதற்கு அனுமதி, கிடைத்ததை வீட்டுக்கு எடுத்துப் போகும் உரிமை என்று இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதலாவதைத் தருகிறவருக்கு இரண்டாவதைத் தரப் பெரும்பாலும் அதிகாரம் இருக்காது. மூன்றாவதை யாரும் முன்கூட்டியே தர முடியாது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கல்கள் ஆரம்பிக்கின்றன.

குழப்பத்துக்குப் பெரிய காரணம் யூடியூப். அமெரிக்காவில் சில நகரங்களில் பூங்காவில் டிடெக்டர் பயன்படுத்தத் தனி பெர்மிட் தருகிறார்கள். இங்கிலாந்தில் நிலத்துக்காரர் சம்மதித்தால் வயலில் தேடலாம். புதையல் கிடைத்தால் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாளுக்குள் தெரிவித்துவிட வேண்டும். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் முனிசிபாலிட்டியில் ஒரு ஃபாரம் இருக்கும், ஃபீஸ் கட்டினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பொழுதுபோக்காகப் புதையல் தேடுகிறவருக்கென்று நம் சட்டங்கள் எதுவும் ஒரு பெர்மிட்டை வைத்திருக்கவில்லை. தொல்லியல் அகழாய்வுக்கு உரிமம் உண்டு; அது பல்கலைக்கழகம், ஆய்வு நிறுவனம் போன்றவற்றுக்கானது. சனி ஞாயிறு பொழுதுபோக்குக்கு அது வராது. கடையில் விற்கிற கருவிதானே என்ற வாதமும் செல்லாது. மண்வெட்டியும் கடையில்தான் விற்கிறது.

சரி, யாரிடம்தான் கேட்பது? நிற்கிற மண் யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கோட்டை ஹைதர் அலி 1766-இல் கட்டியது. அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. திருச்சூர் வட்ட அலுவலகம் பார்த்துக்கொள்கிறது. அதை ஒட்டிய பூங்காவோ சுற்றுலாக் கவுன்சிலின் பொறுப்பு. மலம்புழாத் தோட்டம் அணையோடு சேர்ந்தது, நீர்ப்பாசனத் துறையுடையது. முனிசிபாலிட்டிப் பூங்கா, பஞ்சாயத்து மைதானம், காட்டிலாகா இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம். சில இடங்களில் பத்தடி நடந்தால் மண்ணின் சொந்தக்காரர் மாறிவிடுவார். இதில் வாட்ச்மேன் தலையசைத்ததை அனுமதி என்று எடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். வாட்ச்மேன் நல்ல மனுஷராகவே இருக்கலாம். ஆனால் அவர் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார். பிரச்சினை என்று வந்தால் "நான் அப்படிச் சொல்லலையே" என்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. நுழைவு டிக்கெட்டும் அப்படித்தான், உள்ளே நடக்க மட்டும்.

கோட்டை வளாகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1958-ஆம் ஆண்டுப் பழங்காலச் சின்னங்கள் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் தோண்டுவதைத் தடை செய்கிறது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடை, அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு என்று 2010 திருத்தத்தில் வந்த கணக்கைக் கேள்விப்பட்டு, "100 மீட்டர் தாண்டினால் தோண்டலாம்" என்று ஒரு பேச்சு உலவுகிறது. அந்தக் கணக்கு கட்டடம் கட்டுவது போன்ற வேலைகளைப் பற்றியது. நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கிற மண்ணும் யாரோ ஒருவருடையதுதான்.

கோட்டை இல்லாத இடத்தில் என்ன பழசு இருக்கப்போகிறது என்ற நினைப்பும் இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது. பாலக்காட்டுக் கணவாய் பழைய வணிகப் பாதை. கணவாய்க்குக் கிழக்கே கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. மேற்கே திருச்சூர் மாவட்டம் இய்யாலில் 1945-இல் ரோமானியத் தங்க, வெள்ளிக்காசுகள் கிடைத்தன. மலம்புழா நீர்த்தேக்கத்தை ஒட்டிய மேடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பெருங்கற்கால ஈமச்சின்னங்களை, அதாவது கல் அடுக்கிய பழங்காலச் சமாதிகளை, தொல்லியல் துறை கண்டதாக 2025-இல் செய்தி வந்தது. அந்தக் காலத்து ஈமக்குழிகளில் இரும்புக் கத்தியும் அம்புமுனையும் இருப்பது சகஜம். டிடெக்டர் அதற்கும் 'பீப்' அடிக்கும். அடித்ததும் தோண்டி வெளியே எடுத்துவிட்டால் துருப்பிடித்த இரும்பு கைக்கு வரும். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில், எந்தப் பானையோடு இருந்தது என்பது போய்விடும். ஆய்வாளருக்கு வேண்டியது அந்த விவரம்தான். இரும்பை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் மரியாதைக்கு வாங்கி வைத்துக்கொள்வார்.

எல்லாவற்றிலும் பரவலான தப்பெண்ணம் நூறு வருஷக் கணக்கு. "நூறு வருஷத்துக்கு மேல் பழசாக இருந்தால்தான் அரசாங்கத்துக்குச் சொல்லணும்" என்பார்கள். அது 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் அளவுகோல். நூறு ஆண்டு கடந்த காசு, சிலை போன்றவை அதன்படி தொல்பொருள். அவற்றை விற்கிற தொழில் நடத்த உரிமம் வேண்டும், தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. புதையலுக்கான சட்டம் வேறு. 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டத்தில், மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல்தான், வயது கேட்பதில்லை. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அன்றைய கணக்கு; இன்றைக்கு ஒரு வெள்ளிக்காசு போதும் அதைத் தாண்ட. மறைத்தால் கண்டெடுத்தவருக்குச் சேர வேண்டிய பங்கு போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. கேரளத்துக்கு 1968-இல் தனிப் புதையல் சட்டம் வந்தது; பாலக்காட்டில் கிடைப்பதற்கு அதைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் கலெக்டருக்குத் தெரிவிப்பதுதான் முதல் கடமை.

தெரிவித்தால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். உரிமை கோர வேறு ஆள் இல்லாமல், நிலத்துக்காரரோடு முன்கூட்டி ஒப்பந்தமும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்று 1878 சட்டம் பிரித்துச் சொல்கிறது; கேரளச் சட்டத்தின் கணக்கைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதை நம்பிப் பூங்காவில் தோண்டப் போகக்கூடாது. ஏதோ வேலையாகத் தோண்டும்போது தற்செயலாகக் கிடைப்பதும், அனுமதியில்லாத இடத்தில் தேடித் தோண்டுவதும் அதிகாரியின் பார்வையில் ஒன்றாகாது.

தற்செயலாகக் கிடைத்தால் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்களாயியில் நடந்தது நல்ல உதாரணம். ரப்பர் தோட்டத்தில் மழைநீர்க் குழி வெட்டிய நூறு நாள் வேலைக்காரப் பெண்களுக்கு ஒரு பாத்திரம் கிடைத்தது. வெடிகுண்டாக இருக்குமோ என்றுதான் முதலில் பயந்தார்கள். உள்ளே தங்கப் பதக்கங்கள், முத்துகள், மோதிரங்கள், வெள்ளிக்காசுகள். பஞ்சாயத்துக்குச் சொன்னார்கள், போலீஸ் வந்தது, பொருள் கோர்ட்டுக்குப் போனது, தொல்லியல் துறை ஆராய்ந்தது. யார் மேலும் வழக்கு இல்லை. 2025-இல் காசர்கோடு கும்பளா அருகே ஆரிக்காடிக் கோட்டையில் புதையல் தேடி இறங்கியவர்களை ஊர்க்காரர்கள் கண்டு சொல்ல, போலீஸ் பிடித்தது. ராத்திரி டார்ச்சும் டிடெக்டருமாகப் போகிறவரை ஊர் எப்படிப் பார்க்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லை தாண்டினால் சட்டமும் மாறிவிடும் என்று நினைத்து, கேரளத்தில் கிடைத்த காசைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் விற்கிற யோசனை நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. கிடைத்த இடம் எந்த மாவட்டமோ அந்த மாவட்டக் கலெக்டருக்குத்தான் தெரிவிக்க வேண்டும். வாளையார் தாண்டியதால் அந்தக் கடமை கரைந்துவிடாது.

அப்படியானால் பூங்காவில் டிடெக்டருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. கல்பாத்தித் தேர், கொங்கன்படை மாதிரித் திருவிழாக் கூட்டம் கூடும் நாட்களுக்கு அப்புறம் மோதிரம், கொலுசு தொலைத்தவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. புல்லின் மேலேயோ மணலிலோ கிடக்கும் நகையைத் தேட மண்வெட்டி தேவையில்லை. இடத்துக்குப் பொறுப்பான அலுவலகத்தில் மனு கொடுங்கள். தொலைந்த பொருள், யாருடையது, எந்த மூலையில், எந்தத் தேதியில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை தேடப்போகிறீர்கள், தோண்ட மாட்டீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பதில் கடிதத்தின் நகல் தேடும்போது கையில் இருக்க வேண்டும். வேறு யாருடைய நகையாவது கிடைத்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பழசாகத் தெரியும் எதுவும் தட்டுப்பட்டால் கை வைக்காமல் இருந்த இடத்திலேயே படம் எடுத்து, அடையாளம் குறித்துக்கொண்டு, வில்லேஜ் ஆபீசருக்கும் அந்த அலுவலகத்துக்கும் சொல்லிவிடுங்கள். கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிப்பது தனி.

மனுவை மலையாளத்தில் எழுதத் தெரியவில்லையே என்று தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. கோட்டை மத்திய அரசு அலுவலகத்தின் கையில் இருப்பதால் அங்கே மட்டும் ஆங்கிலத்தில் ஒரு பிரதியும் சேர்த்து வைப்பது நல்லது.