கியோட்டோவின் கியோன் பகுதியில் வழிகாட்டியுடன் ஒரு நடை: முதன்முறை செல்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில், கியோன் பகுதியின் முதன்மைத் தெருவாகிய ஹனாமிகோஜியின் தென்பாதியை ஏழெட்டு நிமிடங்களில் நடந்து முடித்துவிடலாம். முதன்முறை தனியாகச் சென்றபோது நானும் அப்படித்தான் நடந்து முடித்தேன். மூடிய மரக்கதவுகளையும், பழுப்பு நிறச் சுவர்களையும், என்னைப் போலவே எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்ற கூட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் ஒரு வழிகாட்டியுடன் அதே தெருவைக் கடக்க முக்கால் மணி நேரத்திற்கும் மேலாயிற்று. கியோனில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் கதவுக்கு வெளியே, சுவரின் அடியிலும் கூரையின் ஓரத்திலும் விளக்கின் மேலும் சிறிய அடையாளங்களாக இருக்கின்றன. அவற்றைப் படித்துச் சொல்ல ஒருவர் உடன் இருக்க வேண்டும். அத்தகைய நடையைத் தேர்ந்தெடுப்பது முதல் முடிப்பது வரை செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: எந்த வகை வழிகாட்டி என்று முடிவு செய்யுங்கள்

ஜப்பானில் பணம் பெற்றுக்கொண்டு அயல்மொழியில் வழிகாட்டுவதற்கு, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசுத் தேர்வில் தேறி உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் நெடுங்காலம் இருந்தது. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தக் கட்டாயத்தை நீக்கியதால், இப்போது உரிமம் இல்லாதவர்களும் கட்டணம் பெற்று வழிகாட்டலாம். உரிமம் இல்லாதவர் என்பதாலேயே ஒருவர் குறைந்தவர் என்று ஆகிவிடாது. ஆயினும் முதன்முறை செல்பவர்கள் விளம்பரத்தில் உரிமம் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இவர்களைத் தவிர, தன்னார்வ அடிப்படையில் நடத்திச் செல்லும் நல்லெண்ண வழிகாட்டிகள் பல நகரங்களில் இருக்கிறார்கள். மாணவர்களும் ஓய்வு பெற்றவர்களும் இவர்களில் நிறைய உண்டு. இவர்களுக்குக் கட்டணம் கிடையாது. அவர்களுடைய பயணச் செலவு, நுழைவுச்சீட்டு, உணவு ஆகியவற்றை மட்டும் நாம் ஏற்றுக்கொள்வது வழக்கம். முன்கூட்டியே, சில வாரங்களுக்கு முன்பாகவாவது எழுதிக் கேட்க வேண்டும்.

எந்த வகையைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். ஒன்று, குழுவின் அளவு: கியோனின் தெருக்கள் குறுகலானவை என்பதால், எட்டுப் பேருக்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. மற்றொன்று, வாக்குறுதி: ‘கெய்ஷாவை (ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கலைஞரை) கட்டாயம் காட்டுகிறோம்’ என்று எழுதியிருக்கும் விளம்பரத்தைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். வேலைக்குப் போகும் ஒருவரை வழியில் மடக்கிக் காட்டுவதைத்தான் அந்த வாக்குறுதி குறிக்கிறது.

இரண்டாம் படி: பருவத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் முதல் வாரத்தில் செர்ரி மலர்களுக்காகவும், நவம்பர் பிற்பாதியில் சிவந்த இலைகளுக்காகவும் நகரம் நிரம்பி வழியும். ஜூனில் மழை. ஜூலையும் ஆகஸ்டும் புழுக்கத்தில் நம் ஊர் வெயிலை நினைவூட்டும். ஆனால் ஜூலை முழுவதும் கியோன் திருவிழா நடக்கிறது என்பதையும், 17, 24 ஆகிய நாள்களில் பெரிய தேர்கள் ஊர்வலமாக வருகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். கொள்ளைநோய் நீங்க வேண்டி 869ஆம் ஆண்டில் நடத்திய வழிபாட்டிலிருந்து தொடங்கிய விழா அது.

நேரத்தைப் பொறுத்தவரை, பிற்பகல் மூன்று மணியளவில் தொடங்கும் நடையையே நான் பரிந்துரைப்பேன். கென்னின்ஜி கோவில் ஐந்து மணிக்கு மூடிவிடும் என்பதால் அதை முதலில் பார்த்துவிடலாம். பிறகு விளக்குகள் ஏற்றப்படும் வேளையில் தெருக்களில் இருக்கலாம்.

மூன்றாம் படி: சந்திக்கும் இடத்தை உறுதி செய்யுங்கள்

கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து நகரப் பேருந்தில் வரலாம். ஆனால் கூட்ட நாள்களில் பேருந்தில் ஏறுவதே பெரும்பாடு. ஜே.ஆர். நாரா பாதையில் ஒரே ஒரு நிலையம் பயணம் செய்து தோஃபுகுஜியில் இறங்கி, அங்கே கெய்ஹான் ரயிலுக்கு மாறி, கியோன்-ஷிஜோ நிலையத்தில் இறங்குவது எளிது.

பல குழுக்கள் அந்த நிலையத்தின் வாசலில், ஷிஜோ பாலத்தருகே கூடுகின்றன. அங்கே சாலையின் ஒரு பக்கத்தில் மினாமிசா என்னும் கபுகி நாடக அரங்கும், எதிர்ப்பக்கத்தில் ஒகுனி என்ற பெண்ணின் சிலையும் உள்ளன. 1603ஆம் ஆண்டில் கியோட்டோவில் அவர் ஆடிய ஆட்டத்திலிருந்துதான் கபுகி பிறந்தது என்பார்கள். நான் ‘சிலை’ என்று எழுதியிருந்ததைச் சரியாகப் படிக்காமல் அரங்கின் வாசலில் பத்து நிமிடம் நின்றேன். வழிகாட்டியோ சாலைக்கு அப்பால் கொடியைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜப்பானில் மூன்று மணி என்றால் இரண்டு ஐம்பதுக்கே அங்கே இருக்க வேண்டும் என்று பொருள். நிலையத்தின் எந்த எண் வாசல், சாலையின் எந்தப் பக்கம் என்பதை முந்தைய நாளே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: உடையும் பையும்

எளிதில் கழற்றி மாட்டக்கூடிய காலணியை அணியுங்கள். கோவிலுக்குள் காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும். கயிறு கட்டும் காலணியுடன் வந்தவர் குனிந்து நிமிர்வதற்குள் குழு அடுத்த அறைக்குப் போய்விடும். ஓட்டையில்லாத காலுறை, மடக்குக் குடை, கொஞ்சம் ரொக்கப் பணம், குப்பை போட்டுக்கொள்ள ஒரு சிறிய பை ஆகியவை போதும். தெருவில் குப்பைத்தொட்டி அனேகமாக இராது.

ஐந்தாம் படி: எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது

நடையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வழிகாட்டி சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு போகாமல், கீழ்க்காணும் இடங்களில் நீங்களே நின்று கேள்வி கேளுங்கள்.

முதலில் பெயர். கியோன் என்பது ஜப்பானியச் சொல் போல ஒலித்தாலும், அது புத்தர் தங்கிப் போதித்த சிராவஸ்தியின் ஜேதவன விகாரையைக் குறிக்கும் பெயரிலிருந்து வந்தது. இப்பகுதியின் கிழக்கு எல்லையில் இருக்கும் யசாகா கோவில் முன்பு கியோன் என்ற பெயரால்தான் அழைக்கப்பட்டது. 1868இல் புத்த சமயத்தையும் ஜப்பானின் மரபுச் சமயமான ஷின்டோவையும் அரசு பிரித்தபோதுதான் இன்றைய பெயர் வந்தது. ‘இந்தியாவிலிருந்து வருகிறோம்’ என்று சொன்னால் பல வழிகாட்டிகள் தாமாகவே இந்தக் கதையைத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்து, ஷிஜோ சாலைக்கு வடக்கே ஷிராகாவா ஓடையை ஒட்டிய ஷின்பாஷி தெரு. 1865இல் ஏற்பட்ட பெருந்தீக்குப் பிறகு கட்டப்பட்ட மரவீடுகள் இங்கே வரிசையாக நிற்கின்றன. 1976இல் இப்பகுதி பாரம்பரியக் கட்டடத் தொகுதியாகப் பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்டது. ஓடையின் ஒரு கரையில் மட்டும் வீடுகள் இருப்பதையும், மறுகரை திறந்து கிடப்பதையும் கவனியுங்கள். அழகுக்காக விட்ட இடம் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், குண்டுவீச்சில் தீ பரவாமல் இருப்பதற்காக அந்தக் கரையின் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள் என்பதை வழிகாட்டி சொன்ன பிறகு, அங்கே வளர்ந்து நிற்கும் செர்ரி மரங்கள் வேறு விதமாகத் தெரிந்தன.

ஒரு வீட்டின் முன் நின்று அதை அடியிலிருந்து மேலாகப் பாருங்கள். சுவரின் அடியில் பிளந்த மூங்கிலை வில்போல வளைத்துச் சாய்த்து வைத்திருப்பார்கள். அதற்கு இனுயராய் என்று பெயர், நாயை விரட்டுவது என்பது அதன் பொருள். நாய்கள் அசுத்தம் செய்யாமலும், மழைநீர் தெறித்துச் சேறு படியாமலும் அது சுவரைக் காக்கிறது. அதற்கு மேலே மெல்லிய மரச்சட்டங்களாலான அளி. உள்ளிருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் நிற்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. மாடியில் மூங்கில் தட்டிகள் தொங்கும். வாசல் குறுகலாகவும் வீடு பின்னோக்கி நீண்டும் இருப்பதால் இவ்வகை வீட்டை விலாங்கு மீனின் படுக்கை என்று அந்த ஊர்க்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

பிறகு விளக்குகள். வாசலில் தொங்கும் வெள்ளைக் காகித விளக்கில், குச்சியில் கோத்த கொழுக்கட்டை உருண்டைகளைப் போன்ற சிவப்பு வட்டங்கள் இருந்தால், அந்த வீடு கியோன் கோபு என்ற கலைஞர் குடியிருப்பைச் சேர்ந்தது என்று அறியலாம். கியோட்டோவில் இத்தகைய குடியிருப்புகள் ஐந்து உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சின்னம் உண்டு. கதவின் மேல் சிறிய மரப்பலகைகள் வரிசையாக மாட்டியிருந்தால், அங்கே தங்கிக் கலை பயிலும் பெண்களின் பெயர்கள் அவற்றில் எழுதப்பட்டிருக்கும்.

அந்தப் பெண்களைப் பற்றி ஒரு திருத்தம்: கியோட்டோவில் அவர்களைக் கெய்ஷா என்பதில்லை, தேர்ந்தவரைக் கெய்கோ என்றும், பயிற்சியில் இருப்பவரை மைக்கோ என்றும் சொல்வார்கள். மைக்கோ தன் சொந்தக் கூந்தலையே அலங்கரித்துக்கொள்கிறார்; கெய்கோ செயற்கைக் கூந்தல் அணிகிறார். மைக்கோவின் இடைக்கச்சை முதுகிலிருந்து கணுக்கால் வரை தொங்கும், அதன் நுனியில் அவர் தங்கியிருக்கும் இல்லத்தின் சின்னம் இருக்கும். கழுத்துப் பட்டையின் சிவப்பு நிறம் மெல்ல மெல்ல வெண்மைக்கு மாறி, முழுவதும் வெள்ளையாகும் நாளில் அவர் கெய்கோ ஆகிறார். அந்தச் சடங்குக்கே ‘பட்டை மாற்றம்’ என்றுதான் பெயர். வாடகைக்குக் கிமோனோ எடுத்து உலவும் சுற்றுலாப் பயணிகளை மைக்கோ என்று எண்ணி வியப்பவர்கள் பலர். உண்மையான மைக்கோ நின்று படம் பிடித்துக்கொள்ள மாட்டார். வேகமாக நடந்து போய்விடுவார்.

ஷிஜோ சாலையும் ஹனாமிகோஜியும் சந்திக்கும் மூலையில் செம்மண் நிறச் சுவருடன் இச்சிரிக்கி என்ற பழம்பெரும் தேநீர் விடுதி நிற்கிறது. 47 சாமுராய்கள் பழிதீர்த்த வரலாற்றின் தலைவர் ஓஇஷி, எதிரியை ஏமாற்றக் கேளிக்கையில் மூழ்கியவர் போல நடித்த இடமாக நாடக மரபு இதைக் காட்டுகிறது. அந்தச் சுவரின் நிறத்துக்குப் பெங்காரா என்று பெயர். இரும்புத் துரு கலந்த இந்தச் சாயத்தின் பெயர் வங்காளத்திலிருந்து வந்தது. தேநீர் விடுதி என்று சொன்னாலும் இது தேநீர்க் கடையன்று. அறிமுகம் இல்லாத புதியவரை உள்ளே விடுவதில்லை. ஏன் என்று அவசியம் கேளுங்கள்: உணவு, கலைஞர்களின் ஊதியம், வண்டிக் கூலி எல்லாவற்றையும் விடுதியே முதலில் கொடுத்துவிட்டுப் பிற்பாடு விருந்தினருக்குக் கணக்கு அனுப்புவது இங்குள்ள முறை. பணம் கொடுக்காமல் ஒருவர் மறைந்தால், அறிமுகம் செய்தவர்தான் பொறுப்பு. இதைக் கேட்டபோது, அகந்தை என்று நான் நினைத்திருந்த ஒரு வழக்கம் கடன் ஏற்பாடாக மாறியது.

தெருவின் தென்கோடியில் கென்னின்ஜி. 1202இல் ஐசாய் என்ற துறவி நிறுவிய இது, கியோட்டோவின் மிகப் பழைய ஜென் கோவில். சீனத்திலிருந்து தேயிலை விதையைக் கொண்டுவந்து பரப்பியவர் என்றும் அவரைப் போற்றுகிறார்கள். தர்ம மண்டபத்தின் மேற்கூரையில் உள்ள இரட்டை டிராகன் ஓவியம் பழையதன்று. கோவிலின் 800ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2002இல் வரையப்பட்டது.

ஆறாம் படி: படம் பிடிப்பதில் கட்டுப்பாடு

ஹனாமிகோஜி பொதுச்சாலை, அதிலிருந்து கிளைக்கும் பல சந்துகள் தனியாருக்குச் சொந்தமானவை. மைக்கோக்களைத் துரத்துவது, கிமோனோவைப் பிடித்து இழுப்பது போன்ற தொல்லைகள் பெருகியதால், தனியார் சந்துகளில் அனுமதியின்றிப் படம் பிடித்தால் 10,000 யென் கேட்கப்படும் என்று 2019இல் குடியிருப்போர் பலகை வைத்தார்கள். 2024இல் சில சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழைவதையே தடுத்தார்கள். வழிகாட்டி நிற்கும் இடத்தைத் தாண்டி ஓர் அடி கூட வைக்காதீர்கள். எதிரே மைக்கோ வந்தால் ஒதுங்கி வழிவிட்டு, கைப்பேசியைக் கீழே இறக்கிவிடுவதே முறை.

ஏழாம் படி: முடிந்த பிறகு

ஜப்பானில் அன்பளிப்புப் பணம் கொடுக்கும் வழக்கம் இல்லை. விரும்பியதைக் கொடுக்கலாம் என்று அறிவித்து நடத்தும் நடைகள் மட்டும் விதிவிலக்கு. தன்னார்வ வழிகாட்டிக்கு நம் ஊர் இனிப்பு ஒரு சிறிய பொட்டலம் கொடுத்தால் மகிழ்வார்.

சைவ உணவு உண்பவர்கள் வழிகாட்டியைப் பிரிவதற்கு முன்பே ஓர் உதவி கேட்டுக்கொள்ளுங்கள். காய்கறி மட்டுமே போட்ட சாற்றிலும் தாஷி என்ற அடிநீர் இருக்கும். அது பெரும்பாலும் மாசிக் கருவாட்டைப் போல உலர்த்திய சூரை மீனிலிருந்து எடுப்பது. ‘மீன் தாஷியும் வேண்டாம்’ என்று ஜப்பானிய மொழியில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் மீதிப் பயணம் முழுவதற்கும் உதவும். அரிசி மாவில் இலவங்கப்பட்டை சேர்த்துச் செய்யும் யட்சுஹாஷி என்ற இனிப்பை வழிக்கடைகளில் சுவைத்துப் பார்க்கக் கொடுப்பார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குள், கூட்டம் சேர்வதற்கு முன், பொதுச்சாலை வழியாக அதே பாதையில் ஒருமுறை தனியாக நடந்து பாருங்கள். கியோட்டோவில் வீட்டு வாசலைப் பெருக்கும்போது அண்டை வீட்டு எல்லைக்குள்ளும் சிறிதளவு பெருக்க வேண்டும்; அதற்கு மேல் போனால், ‘உன் வாசல் அழுக்காக இருக்கிறது’ என்று குத்திக்காட்டியதாகிவிடும் என்று என் வழிகாட்டி முந்தைய நாள் சொல்லியிருந்தார். ஷின்பாஷியில் துடைப்பத்துடன் வெளியே வந்த ஒரு மூதாட்டி, தன் வாசலைப் பெருக்கிக்கொண்டே வந்து, அடுத்த வீட்டின் இனுயராய் தொடங்கும் இடத்தில் ஒரு முழம் அளவு மட்டும் உள்ளே போய், அங்கே துடைப்பத்தை நிறுத்தினார்.