கோழித் தக்கடி: கரண்டி போடாத பத்து நிமிடம்

நாகூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மாலை நான்கு மணிக்கே வீடு இருட்டிவிடும். அந்த மாதிரி நாளில் எங்கள் அடுப்பில் ஏறுவது தக்கடி. அரிசிமாவைத் தேங்காய் சேர்த்துப் பிடித்து, கறி ஆணத்திலேயே போட்டு வேகவைப்பது. ஆணம் என்று நாங்கள் சொல்வது குழம்பைத்தான். தக்கடி என்றாலே ஆட்டுக்கறிதான் என்பார்கள் பெரியவர்கள். நான் கோழியில்தான் அதிகம் செய்கிறேன். செலவு குறைவு, ஒன்றேகால் மணி நேரத்தில் சாப்பாடு முடிந்துவிடும், சோறு வடிக்கவும் வேண்டாம்.

இந்தச் சாப்பாட்டின் மேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை வந்தது 2018இல். நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. மறுநாள் எங்கள் வீட்டில் பதினோரு பேர் இருந்தோம், ஓடு பறந்த பக்கத்து வீட்டுக் குடும்பத்தையும் சேர்த்து. மின்சாரம் இல்லை, கடைகள் இல்லை. வீட்டில் இருந்தது ஒரு கோழி, டப்பாவில் வறுத்து வைத்த மாவு, மரத்தோடு சாய்ந்து கிடந்த தேங்காய்கள். மாமி அம்மியில் மசாலா அரைத்தார். கறி ஆளுக்கு ஒரு துண்டுகூடச் சரியாக வரவில்லை, ஆனால் கோழியின் ருசி ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் இருந்தது. பதினோரு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

முதலில் மாவு. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பி, ஈரம் லேசாக இருக்கும்போதே மில்லில் கொடுத்து அரையுங்கள். சலித்து, கனமான வாணலியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். நிறம் மாறக் கூடாது. ஒரு சிட்டிகை எடுத்துத் தரையில் கோடு இழுத்துப் பாருங்கள். கோலமாவு போல அறுபடாமல் விழுந்தால் பதம் வந்துவிட்டது. இவ்வளவு செய்ய நேரமில்லை என்றால் கடையில் விற்கும் இடியாப்ப மாவு போதும், அதையும் ஐந்து நிமிடம் சூடு காட்டிக்கொள்ளுங்கள். புட்டு மாவு வேண்டாம், கொரகொரப்பில் உதிர்ந்துவிடும்.

ஆறு பேருக்கு அளவு சொல்கிறேன். எலும்போடு வெட்டிய கோழி ஒரு கிலோ; கழுத்தும் முதுகும் கட்டாயம் இருக்கட்டும், ஆணத்துக்குச் சாறு தருவது அவைதான். எலும்பில்லாத கறி இதற்கு உதவாது. வறுத்த மாவு 400 கிராம். பெரிய தேங்காய் ஒன்று: ஒரு மூடியைத் துருவி மாவுக்கு, மறு மூடியைப் பால் எடுக்க. பெரிய வெங்காயம் இரண்டு, தக்காளி மூன்று, இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி. மல்லித்தூள் மூன்று மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரை தேக்கரண்டி, சோம்புத்தூள் ஒன்று, மஞ்சள் அரை. தாளிக்கப் பட்டை, கிராம்பு, ஏலக்காய், வாசனைக்கு விரல் நீளம் ரம்பை (பாண்டன்) இலை. மாவில் சேர்க்க ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், மூன்று பச்சை மிளகாய், கொஞ்சம் புதினாவும் மல்லித்தழையும், எல்லாம் பொடியாக நறுக்கியது.

ஆணம் வைப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அகலமான சட்டியில் எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி விட்டுத் தாளித்து, வெங்காயம் சிவந்ததும் விழுது, தக்காளி, தூள்கள், கோழி என்று வரிசையாகப் போட்டு வதக்குங்கள். எண்ணெய் பிரிந்ததும் ஒன்றேமுக்கால் லிட்டர் கொதிநீர் ஊற்றுங்கள். பார்க்க ரசம் போல நீர்த்துத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். உருண்டைகள் குடிக்கிற குடியில் அது சரியாகிவிடும். உப்பு ஒரு கல் தூக்கலாக இருக்க வேண்டும்.

பிராய்லர் கோழி என்றால் பத்து நிமிடம் கொதித்ததும் உருண்டை போடத் தயாராகிவிடுங்கள், மீதி வேக்காடு உருண்டையோடு சேர்ந்தே நடக்கும். நாட்டுக்கோழி என்றால் குக்கரில் நான்கு விசில் விட்டுச் சட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி சொல்வதைத்தான் கவனமாகக் கேட்க வேண்டும். கோதுமை மாவு பிசைந்தால் தானாக இழுபட்டுச் சேரும். அரிசிமாவுக்கு அந்தப் பசை இல்லை. சூடு பட்டுப் பாதி வெந்தால்தான் அது ஒன்றையொன்று பிடிக்கும். ஆகவே பச்சைத் தண்ணீரோ வெதுவெதுப்பான தண்ணீரோ மாவில் படக் கூடாது. கல்யாணமான புதிதில் நான் குழாய்த் தண்ணீரில் பிசைந்து போட்டு, சட்டி முழுவதும் கறிக்கஞ்சியாகிப் போனது. மாமி ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அடுத்த முறை பக்கத்தில் நின்று, கொதிக்கும் ஆணத்தின் மேலே மிதக்கும் எண்ணெயோடு இரண்டு கரண்டி மொண்டு மாவில் ஊற்றச் சொன்னார். அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன்.

மாவு, தேங்காய்த் துருவல், நறுக்கியவை, அரைத் தேக்கரண்டி உப்பு எல்லாவற்றையும் கலந்து, அந்த ஆணத்தை ஊற்றி மரக்கரண்டிக் காம்பால் கிளறுங்கள். போதாததற்குக் கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். மூடி ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் அழுத்திப் பிசையுங்கள். மாவு இளஞ்சிவப்பாக, புதினா பச்சையாகப் புள்ளி தெரிய, கையில் ஒட்டாமல் வரும். பெரிய நெல்லிக்காய் அளவு எடுத்து உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி ஒரு பிடி பிடியுங்கள். நான்கு விரலின் பள்ளமும் அதில் பதிந்திருக்க வேண்டும். உருட்டி வழவழப்பாக்குவது பார்வைக்கு அழகு, ஆனால் நடு வேகாது. பள்ளம் இருந்தால் சூடும் உள்ளே போகும், ஆணமும் அதில் தங்கும். என் மகளின் பிடி சின்னது; தட்டில் எது அவள் பிடித்தது என்று விரல் தடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஆணம் தளதளவென்று கொதிக்கும்போதுதான் போட வேண்டும். ஒரே இடத்தில் குவிக்காமல், ஐந்தாறு போட்டுக் கொதி திரும்பியதும் அடுத்த ஐந்தாறு. எல்லாம் போட்டதும் தீயை நடுத்தரமாக்கி மூடிவிடுங்கள். பத்து நிமிடம் கரண்டி உள்ளே போகக் கூடாது. கை பரபரக்கும், எனக்கு இன்றைக்கும் பரபரக்கிறது. அடி பிடிக்கும் என்று தோன்றினால் சட்டியின் இரண்டு காதுகளையும் துணியால் பிடித்து மெல்ல ஒரு சுழற்று சுழற்றுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகு வெந்தவை மேலே எழும்பி, மேல்தோல் பளபளக்கும். அதன்பின் மெதுவாகப் புரட்டி இன்னும் பத்து நிமிடம். ஒன்றை எடுத்துப் பிட்டுப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக, மாவாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வேகட்டும்.

முதல் தடவை செய்பவர்களுக்குக் கரைந்துவிடுமோ என்ற பயம் இருந்தால், உருண்டைகளை இட்லித் தட்டில் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து ஆணத்தில் போடலாம். உடையாது. ஆனால் ஆணத்திலேயே வெந்ததற்கு உள்ள ருசி அதில் வராது, அதனால் இரண்டாம் தடவை துணிந்து நேரடியாகப் போடுங்கள்.

கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் கொதித்தால் பால் திரிந்துவிடும். மல்லித்தழை தூவிப் பத்து நிமிடம் மூடி வைத்தால் ஆணம் உருண்டையோடு இழைந்து கெட்டிப்படும். தொட்டுக்கொள்ள எதுவும் தேவையில்லை. எலுமிச்சை பிழிந்த வெங்காயம் இருந்தால் நல்லது.

மிஞ்சியதை ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், தேங்காய்ப்பால் சேர்ந்தது வெளியில் தாங்காது. காலையில் ஆணம் முழுவதையும் உருண்டைகள் குடித்திருக்கும். அரை டம்ளர் வெந்நீர் விட்டுச் சூடாக்கலாம். எங்கள் வீட்டில் அவற்றை இரண்டாகப் பிளந்து, தோசைக்கல்லில் கொஞ்சம் நெய் விட்டு முறுகப் புரட்டி எடுப்போம். அதற்காகவே இரவில் ஆறேழு உருண்டைகளை மகள் தனிக் கிண்ணத்தில் எடுத்து ஒளித்து வைத்துவிடுவாள்.