தெரியாத காட்டில் மான் வேட்டைப் பரணுக்கு இடம் பார்ப்பது எப்படி?

பென்சில்வேனியாவில் மாநில வேட்டை ஆணையத்திடம் 15 லட்சம் ஏக்கருக்கும் மேல் பொது வேட்டைக்காடு இருக்கிறது. உரிமம் எடுத்த யாரும் போகலாம். ஆனால் முன்பின் பார்க்காத மலைக்காட்டில் எந்த மரத்தில் பரண் போடுவது? பயிற்சி வகுப்பு முடித்து, வில்லில் குறியும் பழகிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. வரைபடம்

சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடத்தை விரியுங்கள். மலைமுகடு சற்றுத் தாழ்ந்து கணவாய் போல இருக்கும் இடம், சரிவின் நடுவே படி வெட்டியதுபோல் ஓடும் சமதளம், இரண்டு வயல்களுக்கிடையே காடு குறுகும் இடம் ஆகிய மூன்றையும் குறியுங்கள். ஏற்றம் குறைவாகவும் மறைவு அதிகமாகவும் உள்ள வழியில்தான் மான் போகும். நில எல்லைகளுக்கு ஆன்எக்ஸ் செயலிக்குப் பணம் கட்டலாம், தகும். ஆனால் காகிதத்திலும் ஒரு பிரதி வேண்டும். பள்ளத்தாக்கில் சிக்னலை நம்ப முடியாது. ஆட்கள் இருக்கும் கட்டடத்திலிருந்து வில்லுக்கு 50 கெஜம், துப்பாக்கிக்கு 150 கெஜம் தள்ளியே இடம் பாருங்கள்.

2. நடந்து பார்ப்பது

பிப்ரவரி, மார்ச்தான் சரியான நேரம். இலை இல்லாததால் போன இலையுதிர்காலத்துத் தடங்களும் கொம்பு தேய்த்த மரங்களும் பளிச்சென்று தெரியும். நீங்கள் கலைத்தாலும் அக்டோபருக்குள் மான்கள் மறந்துவிடும். வெள்ளை ஓக் மரங்களைத் தேடுங்கள். இலை மடல் நுனி உருண்டிருந்தால் வெள்ளை ஓக், கூராக இருந்தால் சிவப்பு ஓக். வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, மான் முதலில் அதைத்தான் தின்னும்.

3. காற்று

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். வானிலை அறிக்கை மேற்குக் காற்று என்று சொல்லும். அது முகட்டில் சரி. சரிவிலோ, காற்று அடங்கியிருக்கும் நாளில், சூரியன்தான் காற்றை நடத்துகிறது. காலையில் வெயில் பட்டுச் சரிவு சூடானதும் காற்று மேலே ஏறும். மாலையில் குளிர்ந்து தண்ணீர்போல் கீழே வழியும். உங்கள் வாடையும் அதோடு போகும். அதனால் வெயில் ஏறியபின் உட்கார மான்தடத்துக்கு மேலே ஒரு மரம், மாலைக்குக் கீழே ஒரு மரம் என்று இரண்டு பார்த்து வையுங்கள். ஓடைப் பள்ளத்தில் காற்று சுழலும்; எவ்வளவு தடம் தெரிந்தாலும் நான் அங்கே உட்கார மாட்டேன்.

காற்றைப் பார்க்கக் கடையில் விற்கும் பொடிக் குப்பியைவிட மில்க்வீட் பஞ்சு எவ்வளவோ மேல். நம்மூர் எருக்கின் குடும்பம்தான் அது, பஞ்சும் அப்படியே பறக்கும். பொடி சில அடியிலேயே மறைந்துவிடும். பஞ்சு எங்கே திரும்புகிறது, எங்கே இறங்குகிறது என்று கடைசிவரை தெரியும்.

அப்புறம், பரணுக்கு நடந்து போகும் வழியும் இதே கணக்குதான். மான் படுக்கும் புதரை நோக்கிக் காற்று போகிறதென்றால், சுற்று வழியாகப் போங்கள்.

4. மரம்

உயிருள்ள, நேரான மரம். ஆஷ் மரம் வேண்டவே வேண்டாம்: மரகத வண்டு 2007-இல் இந்த மாநிலத்துக்கு வந்தபின் ஏராளமான ஆஷ் மரங்கள் பட்டுப்போயின. 15 முதல் 20 அடி உயரம் போதும். பின்னால் கிளையோ இன்னொரு மரமோ இருந்தால் உங்கள் உருவம் வானத்தில் தனியாகத் தெரியாது. பொது நிலத்தில் மரத்துக்குச் சேதம் செய்வது குற்றம்; ஆணி, திருகுப் படி எதுவும் கூடாது, நாடா வாரால் கட்டும் பரண்தான். தரையில் கால் இருக்கும்போதே பாதுகாப்புக் கச்சையை மரத்தில் கட்டிய கயிற்றில் மாட்டிவிடுங்கள், இறங்கித் தரை தொடும்வரை கழற்றாதீர்கள்.

பின்சேர்க்கை: பரணை அங்கேயே விட்டு வரலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மாநில வேட்டைக்காட்டில் முதல் மான் பருவத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்து கடைசிப் பருவம் முடிந்து இரண்டு வாரம் வரை விடலாம். உரிமையாளர் அடையாள அட்டை அதில் தொங்க வேண்டும். துப்பாக்கிப் பருவத்தில் போகிறவர்கள் தலை, மார்பு, முதுகில் சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அணிய வேண்டும்.