இளைஞர்களுக்குத் திறந்த தரவுப் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திறந்த தரவை, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி அரசு வெளியிடும் தரவை, வைத்துப் பொதுப்பணத்தைக் கண்காணிக்க இளைஞர்களைத் தயார்செய்யும் பட்டறைகள் பலவும் மென்பொருளில்தான் தொடங்குகின்றன. முதல் நாள் விரிதாள், அடுத்த நாள் வரைபடம், கடைசியில் சான்றிதழ். அரசுப் பணம் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டால் பயிற்சி முடித்தவருக்குச் சொல்லத் தெரியாது. மற்றத் தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே முளைக்கின்றன.

அரசு ஒப்பந்த விவரங்களை ஒரே வடிவில் வெளியிடுவதற்கான பொது முறையான திறந்த ஒப்பந்தத் தரவுத் தரநிலை ஓர் அரசுக் கொள்முதலைத் திட்டமிடல், டெண்டர், தேர்வு, ஒப்பந்தம், நிறைவேற்றம் என ஐந்து கட்டங்களாகப் பார்க்கிறது. பணம் கசியும் விதம் கட்டத்துக்குக் கட்டம் மாறும். ஒரே நிறுவனத்தை மனதில் வைத்துத் தகுதி விதிகளை எழுதுவார்கள். விண்ணப்பிக்க நான்கைந்து நாள்தான் தருவார்கள். போட்டி டெண்டர் கட்டாயமாகும் வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி ஒரே வேலையைத் துண்டு துண்டாக உடைப்பார்கள். கையெழுத்தான பிறகு தொகையை மெல்ல ஏற்றுவார்கள். இவ்வளவும் புரிந்துவிட்டால் சாதாரண விரிதாளே போதும்.

அடுத்தது, சந்தேகத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. டெண்டரில் ஒரே ஒருவர் கலந்துகொண்டார் என்றால் கேள்வி கேட்க இடமிருக்கிறது; அந்தப் பொருளைத் தயாரிப்பவரே ஒருவர்தான் என்பதும் விடையாக இருக்கலாம். நான் நடத்திய பயிற்சி ஒன்றில், மதிப்பீட்டைப் போல ஆயிரம் மடங்கு பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு குழு கொதிப்போடு வந்தது. இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். ஒன்றில் 12.500, மற்றொன்றில் 12,500. முதல் கோப்பைத் தயாரித்தவர்கள் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைத்திருந்தார்கள். கணினி அதைப் பன்னிரண்டரை என்று படித்துவிட்டது. அந்தப் பிள்ளைகளின் கோபம் நேர்மையானது. ஆனால் அதை அன்றே வெளியிட்டிருந்தால், பின்னாளில் அவர்கள் உண்மையான முறைகேட்டைக் கண்டுபிடித்தாலும் யாரும் காதுகொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். நிறுவனப் பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. ஒரே நிறுவனம் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று நிறுவனங்களாகத் தெரியும். பெயரை நம்பாமல் பதிவு எண்ணைக் கொண்டு பொருத்தக் கற்றுக்கொடுங்கள்.

திரைக்கு முன்னாலேயே பயிற்சியை முடித்துவிடுவதும் பெரிய இழப்பு. இத்தாலியில் 2013 முதல் நடந்துவரும் 'ஆ ஸ்குவோலா தி ஓப்பன்கோயெசியோனே' திட்டத்தில், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பொதுநிதியில் நடக்கும் ஒரு திட்டத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் தரவைப் படித்துவிட்டு வேலை நடக்கும் இடத்துக்கே போகிறார்கள். பொறுப்பானவர்களிடம் கேள்வி கேட்கிறார்கள். 'பணி முடிந்தது' என்று அட்டவணை சொல்லும் கட்டடத்தில் பூட்டு தொங்குகிறதா என்பது நேரில் போனால்தான் தெரியும்.

கண்டுபிடித்ததை எங்கே கொண்டுபோவது என்று சொல்லிக்கொடுக்காமல் விடுவதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற தவறு. உக்ரைனில் 2016இல் அரசுக் கொள்முதலுக்குப் புரோசோரோ என்ற மின்னணு முறை கட்டாயமானது. அதே ஆண்டில், டெண்டர் வாரியாகப் பொதுமக்கள் குறைகளைப் பதிவுசெய்ய தோசோரோ என்ற தளமும் வந்தது. அப்படி ஒரு வழி இல்லாத இடத்தில் தணிக்கைத் துறை, கொள்முதல் மேல்முறையீட்டு அமைப்பு, செய்தியாளர் ஆகியோரில் யாரிடம் எதைக் கொடுப்பது என்பதைப் பயிற்சியின் முதல் நாளே பேசிவிட வேண்டும்.

பாதுகாப்பையும் முதல் நாளே பேசுங்கள். புகாரில் தனி மாணவரின் பெயர் போகக் கூடாது; குழுவின் பெயரிலோ அமைப்பின் பெயரிலோ போகட்டும். 'இதைக் கேட்க நீ யார்' என்று அதட்டுவோர் இருப்பார்கள். 2003இல் ஏற்கப்பட்ட ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, ஊழலைத் தடுப்பதில் சமூகத்தின் பங்கேற்பை அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. பள்ளி, பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மாணவர்கள் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருக்கட்டும்.

தரவிறக்கிய மூலக் கோப்பில் கைவைக்காமல், நகலில் மட்டும் வேலை செய்யப் பழக்குங்கள். எந்த நாள், எந்த முகவரியிலிருந்து எடுத்தது என்று கூடவே எழுதி வைக்கட்டும். இன்று தளத்தில் இருக்கும் ஒரு வரி, கேள்வி எழுந்த மறுநாள் மாறியிருக்கலாம்.