பழைய விளையாட்டுப் படமா? முதலில் தரையைப் பாருங்கள்

உயரமான இரும்புச் சறுக்குமரத்தின் உச்சியில் ஒரு சின்னப் பிள்ளை நிற்கிறது. பக்கத்தில் கைப்பிடி இல்லை, கீழே கட்டாந்தரை. இப்படி ஒரு கறுப்பு வெள்ளைப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால், "அப்பல்லாம் நாங்க எப்படி வளர்ந்தோம் பாரு" என்று யாராவது எழுதுவார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. எந்த இடம், எந்த ஆண்டு, எவ்வளவு உயரம், நிஜமாகவே ஆபத்தா என்பதையெல்லாம் அந்தப் படத்திலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு பூதக்கண்ணாடியும் கைப்பேசியும் போதும்.

படி 1: படத்தைக் கிழியாமல் எடுங்கள்

1970, 80-களில் வாங்கிய பசைத்தாள் ஆல்பம் என்றால் நகத்தால் நெம்பாதீர்கள். டென்டல் ஃபிளாஸ் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவில் விட்டு, மெதுவாக இப்படியும் அப்படியும் இழுங்கள். வரவில்லையா, விட்டுவிடுங்கள், ஆல்பத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். 600 டிபிஐ வைத்தால் போதும், தரம் குறையாத டிஃப் (TIFF) படக் கோப்பாகச் சேமியுங்கள். நம் சிங்கப்பூர் ஈரப்பதத்துக்குப் படங்களில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அதனால் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

படி 2: தரை, கை, சுற்றி நிற்பவர்கள்

சாகசம் செய்பவரைப் பார்க்கத்தான் கண் ஓடும். அவரை விட்டுவிட்டுப் படத்தின் அடிப்பகுதிக்கு வாருங்கள். விழுந்தால் எதன் மேல் விழுவார்? மணலா, புல்லா, சிமெண்டா? ஆபத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

தோ பாயோ லோரோங் 6-இல் உள்ள டிராகன் விளையாட்டு மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வடிவமைப்பாளர் கோர் இயன் கீ 1979-இல் உருவாக்கியது. தலை டெராசோ (கல்துண்டுகள் கலந்து மெருகேற்றிய சிமெண்ட்), உடம்பு இரும்பு வளையங்கள், கீழே மணல். மத்தியான வெயிலில் இரும்பு எப்படிச் சுடும் என்பது ஏறியவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த மணலைக் கவனியுங்கள். பிள்ளை விழும் என்று யோசித்தவர்தான் மணலைக் கொட்டியிருப்பார். பாதுகாப்பு விதி எழுதப்படாத காலத்திலும் பாதுகாப்பைப் பற்றிய நினைப்பு இருந்திருக்கிறது. 1990-களில் ஆயத்த வடிவ மைதானங்கள் வந்தபோது பல புளோக்குகளில் மணல் போய் ரப்பர் விரிப்பு வந்தது.

அடுத்து கைகள். எதைப் பிடித்திருக்கிறார்கள், பாதுகாப்புப் பட்டை ஏதாவது இருக்கிறதா? கடைசியாக, வேடிக்கை பார்ப்பவர்களின் முகம். பக்கத்தில் நிற்கும் அம்மா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் அது அன்றாட விளையாட்டு. எல்லாரும் வாயைப் பிளந்து மேலே பார்த்தால் அது காட்சி, செய்பவர் காசு வாங்கும் கலைஞராக இருக்கலாம். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரையும், தானாக ஆற்றில் குதிக்கும் பையனையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

படி 3: உயரமும் வேகமும்

தாழ இருந்து எடுத்த படத்தில் எதுவும் உயரமாகத்தான் தெரியும். அதை நம்பாமல் படிகளை எண்ணுங்கள். சாதாரணப் படிக்கட்டில் ஒரு படி 15 முதல் 18 செ.மீ., ஏணியில் சுமார் 30 செ.மீ. பத்துப் படி ஏணி என்றால் கிட்டத்தட்ட மூன்று மீட்டர், அதாவது ஒரு மாடி உயரம்.

வேகத்துக்கும் ஒரு வழி உண்டு. பழைய பெட்டிக் கேமராக்களின் ஷட்டர் ஏறக்குறைய 1/50 வினாடி திறந்திருக்கும். குறுக்கே போகும் வண்டி படத்தில் 10 செ.மீ. அளவுக்குக் கலங்கித் தெரிந்தால் (பக்கத்தில் நிற்பவரின் தோள் அகலம் சுமார் 40 செ.மீ. என்று வைத்து அளக்கலாம்), 10-ஐ 50-ஆல் பெருக்குங்கள். வினாடிக்கு ஐந்து மீட்டர், மணிக்கு 18 கிலோமீட்டர். தோராயம்தான், ஆனாலும் பயங்கரமாகத் தெரியும் பல ராட்டினங்கள் சைக்கிள் வேகத்தில்தான் சுற்றின என்பது புரிந்துவிடும்.

மெதுவாகப் போனால் ஆபத்தில்லை என்று அர்த்தம் இல்லை. 1895-இல் நியூயார்க்கின் கோனி தீவில் ஓடிய ஃபிளிப் ஃபிளாப் ரோலர் கோஸ்டரின் வளையம் முழு வட்டமாக இருந்தது. அதற்குள் நுழையும் கணத்தில் கழுத்தில் சுளீரென்று அடி விழும். 1976-இல் கலிஃபோர்னியாவில் வந்த ரெவல்யூஷன் ரோலர் கோஸ்டரில் இருந்து வளையங்கள் நீர்த்துளி வடிவத்துக்கு மாறின. பழைய படத்தில் வளையம் வட்டமா துளியா என்று பாருங்கள்.

படி 4: ஆண்டு

இடத்தைக் கண்டுபிடித்தால் ஆண்டு பாதி கிடைத்த மாதிரி. ஜாலான் புசார் பக்கத்து நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்கா 1923-இல் திறந்து 1987-இல் மூடியது. கல்லாங் வொண்டர்லேண்டு பூங்காவின் ரோலர் கோஸ்டர் என்றால் 1969-க்கும் 1988-க்கும் இடையில். ஈஸ்ட் கோஸ்ட் பிக் ஸ்பிளாஷின் நீர்ச்சறுக்கு என்றால் 1977-க்கு முன்னால் இருக்க முடியாது. இணையத்தில் சுற்றும் வண்ணம் பூசிய பிரதிகளை நம்ப வேண்டாம், விவரங்கள் மாறியிருக்கும். அசல் கறுப்பு வெள்ளையைத் தேடுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆர்க்கைவ்ஸ் ஆன்லைன் தளத்தில் இடத்தின் பெயரைத் தட்டினால் ஒப்பிடப் படங்கள் வரும்.

படி 5: படத்தில் இல்லாதவர்கள்

இதைத்தான் பலர் செய்வதில்லை. ஆல்பத்தில் இருப்பதெல்லாம் நல்லபடியாக இறங்கி வந்தவர்களின் படம். கை உடைந்தவரை யாரும் படம் எடுத்து ஒட்டி வைக்கவில்லை. அதனால் நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்துக்குப் போய் இடத்தின் பெயரோடு 'விபத்து' என்றும் தேடுங்கள். பழைய தமிழ் முரசு இதழ்களும் அங்கே உண்டு. கேளிக்கைச் சவாரிகளுக்கென்றே இங்கே ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது 2011-இல்தான்.

அப்புறம் வீட்டுப் பெரியவர்களிடம் போங்கள். "தாத்தா, நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று முடித்துவிடுவார். "இதிலேர்ந்து யாராச்சும் விழுந்திருக்காங்களா?" என்று கேளுங்கள். பேச்சு நீளும். அனுமதி வாங்கிக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

படி 6: எழுதி வையுங்கள்

படத்தின் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். பென்சில் ஒட்டாத வழவழப்பான தாள் என்றால் படத்தை வைக்கும் உறையில் எழுதலாம். இடம், யார், யார் சொன்னார்கள், இந்த மூன்றும் கட்டாயம். ஆண்டு உறுதியாகத் தெரியவில்லை என்றால் ஊகித்து ஓர் எண்ணைப் போடாமல் '1979-க்குப் பின்' என்றே எழுதுங்கள். ஸ்கேன் செய்த கோப்புக்கும் அதே விவரத்தைப் பெயராக வையுங்கள்.