காய்ந்த கொடியைப் பிடுங்காதீர்கள்: செங்காந்தள் வளர்ப்பில் நடக்கும் தவறுகள்

தை பிறந்தால் எங்கள் வீட்டு வேலியில் செங்காந்தள் கொடி வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். முதல் வருஷம் அதைப் பார்த்துப் பதறிப்போய், தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் காலையும் மாலையும் வாளி வாளியாக ஊற்றினேன். மாசியில் தோண்டிப் பார்த்தால் கிழங்கு கூழாகிக் கிடந்தது. கடலூரில் இந்தச் செடியை ஆசையாக வாங்கி வைத்த பலரும் இதையேதான் சொல்கிறார்கள்: "நல்லா பூத்துச்சு, அப்புறம் செத்துப்போச்சு."

அது சாகவில்லை. காய் முற்றியதும் கொடி காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் உறங்கப் போகும். அடுத்த ஆனி வரை அதற்குத் தண்ணீர் வேண்டாம். தொட்டியில் இருந்தால் நனையாத இடத்துக்கு நகர்த்துங்கள். தரையில் இருந்தால் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். அந்த அடையாளம் இல்லாவிட்டால், சித்திரையில் வேறெதற்கோ மண்வெட்டி போடும்போது கிழங்கு வெட்டுப்படும்.

வெட்டுப்பட்டால் என்ன, உருளைக்கிழங்கு மாதிரி துண்டுக்கு ஒரு செடி வராதா என்று கேட்பார்கள். வராது. இந்தச் செடியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதே இதுதான். கிழங்கு ஏர்க்கலப்பை போல இரண்டு கையாகப் பிரிந்திருக்கும்; கலப்பைக்கிழங்கு என்று பெயர் வந்ததும் அதனால்தான். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண் இருக்கும். வேறெங்கும் கண் கிடையாது. நுனி ஒடிந்துவிட்டால், கை எவ்வளவு பருமனாக இருந்தாலும் அதிலிருந்து கொடி வராது. ஆகவே வாங்கும்போது பருமனைப் பார்ப்பதற்கு முன் நுனியைப் பாருங்கள். நுனி நன்றாக இருந்து, எடையும் 50 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் அந்த வருஷமே பூ பார்க்கலாம். சின்னக் கிழங்கு முளைக்கும், பூக்காமல் போகலாம். ஆடியில் நாலு விரல் ஆழத்தில் படுக்கவைத்து மூடுங்கள். விதை போட்டால் பூ பார்க்க மூன்று நான்கு வருஷம் பொறுக்க வேண்டும்.

முந்திரித்தோப்பு ஓரத்திலும் பனை வேலியிலும் தானாகப் படர்ந்திருப்பதைப் பிடுங்கி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. இழுத்தவுடன் கொடி மட்டும் கையோடு வரும். கிழங்கு நுனி ஒடிந்து உள்ளேயே கிடக்கும். இங்கேயும் முளைக்காது, அங்கேயும் அழிந்துபோகும். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கமெல்லாம் விதைக்காக இதை வயலிலேயே பயிர் செய்கிறார்கள். அப்படி வளர்த்த கிழங்கையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது மழை. இது பூக்கிற சமயத்தில்தான் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. தண்ணீர் இரண்டு நாள் நின்றாலே கிழங்கு அழுகத் தொடங்கும். கெடிலம், பெண்ணையாற்றுப் பக்கத்துக் களிமண்ணில் அப்படியே நடாமல், முக்கால் அடிக்கு மேடு கட்டுங்கள். கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் போன்ற மண்ணோடு மணலும் மக்கிய எருவும் கலந்தால் தண்ணீர் நிற்காது.

கடற்கரையை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். உப்பு ஏறினால் இலை நுனி கருகும். மற்றச் செடிக்கு அது அழகுக் குறைதான். செங்காந்தளுக்கோ அந்த நுனிதான் கை. சுருண்டு பற்றிக்கொண்டு ஏறுவது அதை வைத்துத்தான். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் இதற்கு ஒதுக்குங்கள். பிடிமானத்துக்குத் தடித்த மூங்கிலை நட்டாலும் பயனில்லை, சின்ன நுனியால் அதைச் சுற்ற முடியாது. மெல்லிய குச்சி, கம்பி வலை, செம்பருத்திக் கிளை போதும்.

கருப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழு வந்தால் மருந்து தேடி ஓட வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கி எடுத்துவிடலாம்.

கண்வலிப்பூ, பார்த்தாலே கண் வலிக்கும் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் நம்பிக்கை. ஆனால் வாயில் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பது உண்மை. செடி முழுக்கக் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், தின்ற துண்டையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ ஓடுங்கள். தவழும் குழந்தையோ, கண்டதைக் கடிக்கும் நாய்க்குட்டியோ வீட்டில் இருந்தால் இந்தச் செடியைச் சில வருஷம் தள்ளிப்போடுங்கள்.

மேடு கட்ட வழியில்லாதவர்கள் கொடி நன்றாகக் காய்ந்த பிறகு கிழங்கைத் தோண்டி வைக்கலாம். அதைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, சர்க்கரைவள்ளி என்று நினைத்து யாராவது வேகவைத்துவிடுவார்கள். நான் காய்ந்த மணல் நிரப்பிய பழைய பானையில் போட்டு, மூடி மேல் 'விஷம்' என்று பெயிண்டால் எழுதி, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறையில் பூட்டி வைக்கிறேன்.