கோதுமை அறுவடைக் குழுவில் புதிதாகச் சேருபவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் வாடகைக்குக் கோதுமை அறுத்துக் கொடுக்கும் குழுக்கள் மே மாதம் டெக்சாஸில் தொடங்கும். பயிர் முற்ற முற்ற ஒக்லஹோமா, கான்சாஸ், நெப்ராஸ்கா என்று வடக்கே ஏறி, மொன்டானாவிலோ வடக்கு டகோட்டாவிலோ முடிக்கும். ஏக்கருக்கு இவ்வளவு, புஷல் என்ற தானிய அளவுக்கு இவ்வளவு, லாரியில் கொண்டுபோக இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். ஓடாத கம்பைனுக்கு, அதாவது அறுவடை வண்டிக்கு, காசு கிடையாது. அந்த அவசரத்தில்தான் முக்கால்வாசித் தவறு நடக்கிறது.

விடிந்ததும் வயலில் இறங்கத் துடிக்காதீர்கள். பனியில் தாள் நமத்திருக்கும். கத்தியில் சரியாக அறுபடாது, கதிரிலிருந்து மணியைக் கழற்றும் உருளையான ரோட்டரில் சுற்றிக்கொள்ளும். மணியைக் கடித்துப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டவும் கூடாது. கொஞ்சம் அறுத்து, மாதிரியைத் தானியக் கிடங்குக்கு அனுப்பி அளந்து பாருங்கள். ஈரம் 13.5 சதவீதத்தைத் தாண்டினால் பல கிடங்குகளில் விலையைக் குறைப்பார்கள்.

அந்தக் காத்திருப்பு நேரம் கிரீஸ் அடிக்கவும் தூசு ஊதவும்தான். ரேடியேட்டரை மட்டும் ஊதிவிட்டு இறங்கிவிடுவது புதியவர்களின் வழக்கம். டர்போவைச் சுற்றி, புகைக்குழாயின் அடியில், வயர்கள் போகும் இடுக்குகளில் படியும் பதர்தான் தீப்பிடிக்கும். தீயணைப்பான் ஒன்று கேபினில் இருந்தால் போதாது. தரையில் நின்று எட்டும் உயரத்தில் பெரியதாக இன்னொன்றும் வேண்டும். கேபின் எரியும்போது அதற்குள் ஏறி எடுக்க முடியாது.

அதிகப் பணம் போவது மணி இழப்பில். கேபினில் இழப்பைக் காட்டும் லாஸ் மானிட்டரை மட்டும் நம்பாமல், ஓடும் கம்பைனை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் எடுத்து, மூன்று இடத்தில் குனிந்து எண்ணுங்கள். ஒரு சதுர அடியில் சுமார் 20 மணி கிடந்தால் ஏக்கருக்கு ஒரு புஷல், அதாவது 27 கிலோ, போகிறது. அறுக்காத பயிருக்குள்ளேயே மணி கிடந்தால் அது தானாக உதிர்ந்தது. அறுக்காமல் நிற்கும் பயிரின் ஓரத்துக்கும் வைக்கோல் விழுந்த இடத்துக்கும் நடுவே கூடுதலாகக் கிடந்தால் குற்றம் பயிரை அறுக்கும் முன்பகுதியான ஹெட்டரில்: பயிரைக் கத்திப் பக்கம் சாய்க்கும் ரீல் வேகமாகச் சுற்றிக் கதிரை அடிக்கிறது, அல்லது கத்தி மழுங்கிவிட்டது. வண்டிக்குப் பின்னால் கிடப்பதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். மணி கழலாத கதிர் கிடந்தால் ரோட்டருக்கும் அதன் கீழ் வளைந்த தட்டான கான்கேவுக்கும் உள்ள இடைவெளி அதிகம், இல்லையென்றால் ரோட்டர் மெதுவாக ஓடுகிறது. கழன்ற மணி கிடந்தால் பதரை ஊதும் விசிறியின் காற்று அதிகம், அல்லது சல்லடை இறுகியிருக்கிறது. ரோட்டரின் கொள்ளளவை மீறி ஓட்டினாலும் இதே கதைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி எண்ணுங்கள். இரண்டையும் சேர்த்துத் திருகினால் எது சரி செய்தது என்றே தெரியாது.

பின்னால் எண்ணும்போது ஒரு கணக்கு தவறும். 40 அடி ஹெட்டர் அறுத்தது 5 அடிப் பட்டையாக விழுந்தால், எண்ணியதை 8-ஆல் வகுக்க வேண்டும்.

லாரி ஏற்றுகிறவர் கம்பைனிலிருந்து தானியம் வாங்கிவரும் 1,000 புஷல் கார்ட்டை அப்படியே கவிழ்க்கக் கூடாது. புஷல் 60 பவுண்டு. ஆக 60,000 பவுண்டு சரக்கு. நெடுஞ்சாலையில் மொத்த எடை வரம்பு 80,000. காலி லாரியே 28,000 அளவுக்கு இருந்தால் சுமார் 860 புஷலுக்குத்தான் இடம்.

கம்பைனின் இறக்கும் குழாயை விரிக்கும் முன் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் ஓடும்போது, தானியம் அடைத்துக்கொண்டதென்று தொட்டிக்குள் இறங்கவே கூடாது. இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பிறகு பாருங்கள்.

பொழுது சாய்ந்தபின் ‘இன்னும் ஒரு சுற்று’ என்று இழுப்பவர்கள் உண்டு. ஈரம் ஏற ஏற ரோட்டர் உறுமத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்டும் ஓட்டினால் வைக்கோல் அடைத்து நிற்கும்; நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் கையால் பிடுங்கி எடுக்க வேண்டியதுதான்.